ஓடாமல் நிற்கவும் ஒரு கம்பி வேண்டும்

கார் ஓட்டக் கற்றுத்தருவோர் ஊர்தோறும் உளர். அதனை ஓடாமல் நிறுத்திவைக்கும் வகையைக் கற்றுத்தருவோர் மிகச் சிலரே. ஏற்காட்டுச் சாலையிலோ உதகையின் சரிவிலோ நிறுத்தப்பட்ட வண்டி, உள்ளே ஆளின்றித் தானே உருளத் தொடங்குமாயின் அதன் எதிரே நிற்பவர் யாராயினும் தப்புவது அரிது. இதனாலன்றோ, 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் கால் பிரேக்கோடு நிறுத்திவைக்கும் பிரேக் ஒன்றும் தனியே வேண்டும் என வரையறுத்தன! கால் பிரேக்கின் எண்ணெய் ஒழுகிப்போன வேளையிலும் நமக்கு எஞ்சி நிற்பது அதுவே.

இதற்குக் 'கைத்தடை' என்று பெயர் சூட்டி எழுத நமக்கும் விருப்பமே. ஆயினும் பட்டறையில் 'ஹேண்ட் பிரேக்' என்றால்தான் விளங்கும். உதிரிப் பொருள் கடையில் 'கேபிள்' என்று கேட்டால்தான் கிடைக்கும். எனவே பட்டறையின் பக்கமே நின்று எழுதுகின்றோம்.

அம்பாசிடர், மாருதி 800 ஆகிய இரண்டின் உற்பத்தியும் 2014ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டது. எனினும் அவற்றைப் போற்றி வைத்திருப்போர் இன்றும் உளர். இத்தகைய கார்களில் கைப்பிடியை இழுத்தால் எஃகுக் கேபிள் பின்சக்கரங்களை நோக்கிய இழுவையைச் சுமந்து செல்கின்றது. டிரம்முக்குள் இருக்கும் சிறு நெம்புகோல் அசைந்து, இரண்டு பிரேக் ஷூக்களையும் அகற்றி டிரம்மின் உட்சுவரோடு அழுத்துகின்றது. கைப்பிடியின் அடியிலுள்ள பற்சக்கரமும் கொக்கியும் அந்த நிலையைத் தளரவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. எண்ணெய் அழுத்தத்திற்கு இங்கு வேலையே இல்லை.

கேபிள் என்பது ஒற்றைக் கம்பியன்று. மெல்லிய எஃகு இழைகள் பலவற்றைக் கயிறுபோல் முறுக்கியது. அதன்மேல் உறை ஒன்று உண்டு. சாலைக்கு நெருக்கமாக வண்டியின் அடியில் செல்வதால் கல்லடி பட்டு உறை கிழிகின்றது. மழைநீரும் மண்ணும் உட்புகுகின்றன. துரு ஏறிய இழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. எஞ்சியவை சுமை தாங்காமல் நீளுகின்றன. ஒரே நாளில் அறுந்துவிட்டால் உடனே தெரிந்துவிடும். மெல்ல மெல்லத் தேய்வதால்தான் நமக்கு ஏமாற்றம் நேர்கின்றது: கைப்பிடி மேலே வரும், 'டிக் டிக்' என ஒலிக்கும், வண்டியோ நிற்காது.

நோயை அறிந்தபின் மருந்தை நாடுவதே முறை. கைப்பிடி நெடுந்தூரம் மேலே வருகின்றது என்பதற்காகக் கேபிள்தான் குற்றவாளி என்று தீர்ப்புக் கூறிவிடலாகாது. தேய்ந்த ஷூவும் இதே குறியைக் காட்டும். சமதரையில் முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, பின்புறத்தை ஜாக்கியால் உயர்த்தி ஸ்டாண்டின்மேல் இருத்துக. கைப்பிடியை ஒவ்வொரு பல்லாக உயர்த்தி, ஒவ்வொரு முறையும் இரு சக்கரங்களையும் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். ஒன்று இறுகி மற்றொன்று தாராளமாகச் சுழன்றால் குற்றம் அந்தத் தளர்ந்த பக்கத்தில் உள்ளது. கைப்பிடியை முற்றும் இறக்கிய பின்னும் சக்கரம் உரசினால், துருப்பிடித்த கம்பி உறைக்குள் சிக்கித் திரும்பாமல் இருக்கலாம். ஐயம் தீர ஒரு வழி உண்டு. கேபிளின் முனையைக் கழற்றி, உறைக்குள் கம்பியைக் கையால் முன்னும் பின்னும் இழுத்துப் பார்ப்பதே அது. வழுக்கிச் சென்றால் கேபிள் நலமாக உள்ளது. டிரம்மைத் திறந்து நோக்குக. முரடாக உராய்ந்தாலோ, அறுந்த இழைகள் முள்போல் நீட்டிக்கொண்டிருந்தாலோ, மாற்றியே ஆகவேண்டும்.

இவ்விடத்தில் சில பட்டறைகளில் நிகழும் குறுக்குவழியைக் கண்டிக்காமல் இருக்க இயலவில்லை. ஷூவைப் பாராமலே கேபிளின் அட்ஜஸ்டிங் நட்டை மட்டும் முறுக்கி, "சரியாகிவிட்டது" என்று வண்டியை அனுப்பிவிடுகின்றனர். கைப்பிடி அன்று உயரே வராது என்பது உண்மையே. ஆனால் கேபிளில் தளர்வு சிறிதும் இல்லாமற் போவதால் ஷூ ஓயாது உரசி, டிரம் கொதிக்கும். நட்டு மரையின் கடைசிக்கே வந்துவிட்டதெனில் அதுவே கேபிள் நீண்டதற்கோ ஷூ தேய்ந்ததற்கோ சான்று.

மாற்றும்போது ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் தலை நுழைப்பது உயிரோடு விளையாடுவதாகும்; ஸ்டாண்டு இன்றி இவ்வேலை வேண்டா. சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திக்கொள்க. சக்கரத்தைக் கழற்றி, கைப்பிடியை இறக்கி, அட்ஜஸ்டிங் நட்டை நன்றாகத் தளர்த்தியபின் டிரம்மை எடுக்கலாம். உள்ளே படிந்த தூசியை வாயால் ஊதுவது தீங்கு. பழைய ஷூக்களில் கல்நார் கலந்திருக்கக்கூடும். ஈரத்துணியால் ஒற்றி எடுப்பதே நன்று. ஷூவின் நெம்புகோலில் மாட்டியுள்ள முனையை விடுவித்து, பின்தகட்டில் உறையைப் பற்றியிருக்கும் கிளிப்பை அமுக்கி, பழைய கேபிளை உருவவேண்டும். அது சென்ற வழியையும் பிடித்திருந்த கிளிப்புகளையும் முன்னரே குறித்து வைத்தல் நலம். புதியதைப் பழையதன் அருகே கிடத்தி நீளத்தையும் முனைகளையும் ஒப்பிடாமல் மாட்டலாகாது. கூர்மையான வளைவின்றியும், புகைக்குழாயைத் தொடாமலும் அதே வழியில் செலுத்துக. இரு பக்கமும் தனித்தனிக் கேபிள் உள்ள வண்டியில் ஒன்று பழுதாயின் மற்றதும் அதே வயதினதே. இரண்டையும் மாற்றுவது அறிவுடைமை. கிரீஸ் ஒரு துளியும் ஷூவில் படலாகாது.

டிரம்மை மூடியதும் முதலில் ஷூக்களைச் சரிசெய்து கால் பிரேக்கைச் சிலமுறை மிதிக்க வேண்டும். கேபிளின் முறை அதன்பின்னரே. கைப்பிடியைப் பலமுறை வலிந்து இழுத்துவிட்டால் புதுக்கேபிள் தன் இடத்தில் அமரும். எத்தனை பல்லில் சக்கரம் இறுக வேண்டும் என்பதை வண்டியின் கையேடு கூறும். ஐந்து முதல் எட்டு வரை என்பது பல கார்களில் காணும் அளவு. கைப்பிடியை இறக்கியவுடன் இரு சக்கரமும் உரசலின்றிச் சுழல்கின்றனவா என்று பார்த்து, லாக் நட்டை இறுக்கிவிடுக.

சக்கரங்களை மாட்டி வண்டியைத் தரையில் இறக்கி, நட்டுகளை முழுதும் முறுக்கியபின் சிறு சரிவொன்றில் சோதிக்கலாம். முன்னும் பின்னும் எவரும் நிற்கலாகாது. கால் பிரேக்கை மிதித்தபடி கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, காலை மெல்ல மெல்ல எடுக்க வேண்டும். அசைந்தால் உடனே காலை மீண்டும் வைக்கலாம். அசையாது நின்றால், வண்டியைத் திருப்பி எதிர்முகமாகவும் ஒருமுறை நிறுத்திப் பார்த்துவிடுக.