பளபளக்கும் பழைய காசு: விளம்பரம் சொல்லாத அறிவியல்

மாணவர்களே, இயங்கலைக் கடைகளில் பழைய நாணயங்களைத் தேடிப் பார்த்ததுண்டா? 1903ஆம் ஆண்டின் ஒரு டாலர் வெள்ளி நாணயம் கண்ணில் படலாம். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவை நீரிணைக் குடியேற்றங்களாக இருந்த காலத்தில் புழங்கிய காசு அது. ஒரு பக்கத்தில் முடிசூடிய மன்னர் ஏழாம் எட்வர்ட் இருப்பார். படத்தில் நாணயம் கண்ணாடிபோல மின்னும். கீழே இப்படி ஒரு வரி இருக்கும்: "தாத்தாவின் பெட்டியில் கிடந்தது. நூறாண்டு அழுக்கை நீக்கி, அச்சிட்ட நாளின் பொலிவை மீட்டிருக்கிறோம்!"

கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் இழந்த பொலிவை மீட்க முடியுமா? சேமித்த ரிங்கிட்டைச் செலவழிக்கும் முன் அறிவியலைக் கேட்போம்.

பொலிவு எப்படி வருகிறது?

நாணயம் அச்சிடும்போது, வட்டமான உலோகத் தகடு இரண்டு அச்சுகளுக்கு இடையே மிகுந்த அழுத்தத்தில் நசுங்குகிறது. அப்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகர்கிறது. அந்த நகர்வு, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கோடுகளைப் பதித்துவிடுகிறது. விளக்கடியில் நாணயத்தைச் சாய்த்துச் சுழற்றினால், கோடுகளில் பட்ட ஒளி சக்கரத்தின் ஆரங்களைப்போலச் சுற்றிவரும். சேகரிப்பாளர்கள் இதை 'வண்டிச்சக்கரப் பொலிவு' என்பார்கள். உண்மையான பொலிவு இதுதான்.

கருமை வெறும் அழுக்கா?

காற்றில் சிறிதளவு ஹைட்ரஜன் சல்பைடு இருக்கிறது. அது வெள்ளியுடன் வினைபுரிந்து வெள்ளி சல்பைடு என்ற படலத்தை உண்டாக்குகிறது. நூறு நானோமீட்டருக்கும் மெல்லிய படலம்கூட மஞ்சள், ஊதா, நீலம் என்று நிறம் காட்டும். மழை நனைத்த சாலையில் சிந்திய எண்ணெய் வானவில்லாகத் தெரிவதும் இதே ஒளி விளையாட்டுதான். படலம் தடிக்கத் தடிக்க நாணயம் கறுத்துவிடும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் படலம் வெளியிலிருந்து வந்து ஒட்டிய தூசி அல்ல. நாணயத்தின் சொந்த வெள்ளியும் அதில் கலந்திருக்கிறது. படலத்தை நீக்கினால் அந்த வெள்ளியும் சேர்ந்தே போகும்.

பற்பசையிலும் மெருகுப் பசையிலும் உராய்வுத் துகள்கள் உண்டு. அவை மேற்பரப்பைக் கீறிவிடும். அமிலம் கலந்த திரவத்தில் நனைத்தால், படலத்தோடு அடியில் உள்ள வெள்ளியும் கொஞ்சம் கரையும். திரும்பத் திரும்ப நனைத்தால் நுண்கோடுகள் மழுங்கிவிடும். சமையலறைத் தராசு இந்த இழப்பைக் காட்டாது, ஒளி காட்டிக்கொடுத்துவிடும். மின்னும், ஆனால் சக்கரம் சுற்றாது.

தீபாவளிக்கு அம்மா குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குவார். அங்கும் அமிலம்தான் மங்கிய படலத்தைக் கரைக்கிறது. விளக்குக்கு அது அழகு. நாணயத்துக்கோ மேற்பரப்புதான் மதிப்பு.

விளம்பரத்தை எப்படிப் படிப்பது?

இத்தகைய வரிகள் பலவும் பச்சைப் பொய்யாக இருப்பதில்லை. "பளபளப்பானது" என்பது உண்மை. எதனால் பளபளக்கிறது என்பதைத்தான் சொல்வதில்லை. "மென்மையாகத் துடைத்தது" என்றால், துடைத்தது என்று பொருள். "சேகரிப்பாளர் அன்போடு பராமரித்தது" என்றால், எதைக் கொண்டு பராமரித்தார் என்று கேளுங்கள்.

பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மன்னரின் தாடியும் கிரீடமும் தேய்ந்திருக்க, காசு மட்டும் புத்தம்புதிதாக மின்னுகிறதா? பல கைகள் மாறித் தேய்ந்த காசுக்கு அந்த மினுமினுப்பு எப்படி வந்தது? ஒரே திசையில் மெல்லிய கீறல்கள் ஓடுகின்றனவா? வெற்றிடம் வெளுத்திருக்க, எழுத்துகளின் ஓரத்தில் மட்டும் கருமை தங்கியிருக்கிறதா? துணி எட்டாத இடம் அது. ஐயம் தீராவிட்டால், விளக்கடியில் நாணயத்தைச் சாய்த்துக் காட்டும் காணொளி ஒன்றை விற்பவரிடம் கேளுங்கள்.

அமெரிக்காவின் பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. போன்ற தர மதிப்பீட்டு நிறுவனங்கள் நாணயங்களுக்கு 70 வரை புள்ளி தருகின்றன. முறையின்றிச் சுத்தம் செய்யப்பட்டது தெரிந்தால், வழக்கமான புள்ளி தராமல் 'சுத்தம் செய்யப்பட்டது' என்றே குறித்துவிடுகின்றன. அத்தகைய நாணயத்தின் விலை பெரும்பாலும் குறைந்துவிடும்.

உங்கள் வீட்டுப் பெட்டியிலும் பாட்டி வைத்துப்போன கறுத்த வெள்ளிக்காசு இருக்கலாம். தேய்க்க நினைக்காதீர்கள். விளிம்பை மட்டும் பிடித்து எடுங்கள். ரப்பர் வளையத்தால் கட்டாதீர்கள். ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியை மேலும் கறுக்கச் செய்யும். கறுத்த காசை எப்போது வேண்டுமானாலும் தேய்க்கலாம். தேய்த்த காசைப் பழைய நிலைக்குக் கொண்டுவர எந்தப் பசையாலும் முடியாது.