உஷார்! வயதான நாய்க்கு குஷிங் மாத்திரை தொடங்கும் முன்...

உங்கள் வீட்டு நாய்க்குப் பத்து வயது தாண்டிவிட்டதா? சில மாதங்களாகக் கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் குடிக்கிறதா? நடுராத்திரியில் எழுப்பி வெளியே விடச் சொல்கிறதா? எவ்வளவு போட்டாலும் சாப்பாட்டுக்கு அலைகிறதா? ரத்தப் பரிசோதனை பார்த்த டாக்டர், “குஷிங் மாதிரி தெரியுது, மாத்திரை ஆரம்பிச்சிடலாம்” என்றாரா?

அந்தச் சீட்டோடு மருந்துக்கடைக்குப் போகும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைப் படியுங்கள். சரியான நாய்க்கு, சரியான அளவில் போனால் இந்த மருந்து நல்ல நிம்மதி தரும். தவறான நாய்க்குப் போனாலும், கண்காணிப்பு இல்லாமல் போனாலும் உயிருக்கே உலை வைத்துவிடும்.

என்ன நோய் இது?

சிறுநீரகங்களை ஒட்டியிருக்கும் அட்ரினல் சுரப்பிகள் கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. நோய், காயம், பயம் என எந்த நெருக்கடியையும் உடம்பு தாங்குவதற்கு இது வேண்டும். அளவுக்கு மிஞ்சி ஓயாமல் சுரந்தால் அதுதான் குஷிங் நோய். இந்த நோய் வரும் நாய்களில் 80 முதல் 85 சதவீதத்துக்கு, மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் வரும் கட்டியே காரணம். பெரும்பாலும் அது மிகச் சிறியதாக இருக்கும். மற்ற நாய்களுக்கு அட்ரினல் சுரப்பியிலேயே கட்டி வருகிறது. அவற்றில் ஏறக்குறைய பாதி புற்றுநோய்க் கட்டிகள்.

அதிக தாகம், அதிக சிறுநீர், அடங்காத பசி, சும்மா படுத்திருக்கும்போதும் மூச்சிரைப்பு, பானை போலத் தொங்கும் வயிறு, உடம்பின் இரு பக்கமும் ஒரே மாதிரி முடி உதிர்தல், மெலிந்த தோல், படியேறத் திணறும் பின்னங்கால்கள். இவைதான் முக்கிய அறிகுறிகள். “வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்” என்று இவற்றைத் தள்ளிவிடாதீர்கள். கவனிக்காமல் விட்டால் ரத்தக் கொதிப்பு, சிறுநீரில் புரதம் வெளியேறுவது, சர்க்கரை நோய், திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்று, நுரையீரலில் ரத்தக்கட்டு என்று ஒவ்வொன்றாக வரக்கூடும். டாக்டரிடம் கட்டாயம் போங்கள். ஆனால் மாத்திரையில் கைவைக்கும் முன் நான்கு விஷயங்களில் உஷாராக இருங்கள்.

உஷார் 1: ஸ்டீராய்டு கொடுத்தீர்களா?

அரிப்புக்கு ஊசி போட்டால் மறுநாளே நாய் சொறிவதை நிறுத்திவிடுகிறது. அதனால் ஒவ்வொரு முறையும் அதே ஊசியைக் கேட்டு வாங்குகிறோம். அது பெரும்பாலும் ஸ்டீராய்டு. பிரெட்னிசலோன் மாத்திரை, டெக்ஸாமெத்தசோன் ஊசி, பீட்டாமெத்தசோன் கலந்த தோல் களிம்பு, ஸ்டீராய்டு கலந்த காது சொட்டு மருந்து என எது நீண்ட நாள் போனாலும், குஷிங் நோயின் அத்தனை அறிகுறிகளும் வரலாம்.

வெளியே பார்க்க ஒரே நோய்தான். உள்ளே நிலைமை நேர் எதிர். வெளியிலிருந்து வந்த ஸ்டீராய்டால் இந்த நாயின் அட்ரினல் சுரப்பிகள் வேலையின்றிச் சுருங்கிக் கிடக்கும். அவற்றை மேலும் அடக்கும் குஷிங் மாத்திரையை இதற்குக் கொடுக்கவே கூடாது. இதற்கு வைத்தியம், ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைப்பது. பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள், அதுவும் ஆபத்து. கடந்த ஒரு வருடத்தில் கொடுத்த எல்லா மருந்துச் சீட்டுகளையும், வீட்டில் தடவிய களிம்பு டியூப் உட்பட, டாக்டரிடம் காட்டுங்கள்.

உஷார் 2: ஒரு ரிப்போர்ட்டை நம்பி முடிவெடுக்காதீர்கள்

ஏ.எல்.பி. என்ற கல்லீரல் என்சைம் ஏறியிருந்தால் குஷிங் சந்தேகம் வருவது நியாயம். ஆனால் வயதான நாய்களுக்கு அது வேறு பல காரணங்களாலும் ஏறும். நோயை உறுதி செய்யத் தனிப் பரிசோதனைகள் இருக்கின்றன. ஒன்று, குறைந்த அளவு டெக்ஸாமெத்தசோன் பரிசோதனை. ஊசி போடும் முன்பும், 4 மணி, 8 மணி நேரம் கழித்தும் ரத்தம் எடுப்பார்கள். இன்னொன்று ஏ.சி.டி.எச். தூண்டல் பரிசோதனை. கூடவே வயிற்று ஸ்கேன் எடுத்தால் அட்ரினல் சுரப்பிகளின் அளவும் அங்கே கட்டி இருக்கிறதா என்பதும் தெரியும்.

இவற்றில் எதுவும் நூறு சதவீதம் துல்லியம் கிடையாது. வேறு கடும் நோயில் துவண்டு கிடக்கும் நாய்க்கும் கார்ட்டிசால் ஏறி, குஷிங் இருப்பதாகவே ரிப்போர்ட் வரலாம். குஷிங் நாய் சாப்பாட்டுக்குப் பறக்கும். உங்கள் நாய் சாப்பிடாமல், வாந்தி எடுத்துக்கொண்டு கிடந்தால் முதலில் வேறு நோயைத் தேடச் சொல்லுங்கள்.

அமெரிக்கக் கால்நடை உள்மருத்துவக் கல்லூரியின் வல்லுநர் குழு 2012-ல் வகுத்த வழிகாட்டலும், அறிகுறிகளும் உடல் மாற்றங்களும் இருந்தால்தான் இந்தப் பரிசோதனைகளில் இறங்க வேண்டும் என்கிறது.

உஷார் 3: நாய்க்கு உண்மையில் தொந்தரவு இருக்கிறதா?

வழக்கமாகக் கொடுக்கப்படும் டிரைலோஸ்டேன் மருந்து கட்டியைக் கரைக்காது. கார்ட்டிசால் உற்பத்தியை மட்டும் குறைக்கும். தாகமும் பசியும் சில வாரங்களில் தணியும். முடி வளரவும் தோல் தேறவும் மாதக்கணக்கில் ஆகும். கொடுக்கும் நாள்வரைதான் பலன்.

ஆகவே தொந்தரவு எதுவும் இல்லாமல், ரிப்போர்ட்டில் மட்டும் குஷிங் என்று இருக்கும் நாய்க்கு அவசரப்பட்டு மாத்திரை தொடங்க வேண்டாம். ரத்தக் கொதிப்பையும் சிறுநீர்ப் புரதத்தையும் பார்த்துக்கொண்டு, சில மாதங்களுக்கு ஒருமுறை சோதித்துக் காத்திருப்பதும் வைத்தியம்தான்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். தண்ணீரை அளந்து ஊற்றி, 24 மணி நேரத்தில் எவ்வளவு குடித்தது என்று சில நாள் எழுதி வையுங்கள். ஒரு கிலோ எடைக்கு 100 மில்லிக்கு மேல் போனால் அது அதிகம். 10 கிலோ நாய் தினமும் ஒரு லிட்டருக்கு மேல் குடித்தால் காரணத்தைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும். மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கவும் இந்தக் குறிப்பு உதவும்.

மூட்டு வலியுள்ள கிழ நாய் என்றால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். மிகுதியான கார்ட்டிசால் இத்தனை நாளும் அந்த வலியை அமுக்கி வைத்திருக்கும். மருந்தால் அது குறையும்போது நாய் நொண்டத் தொடங்கலாம். அடங்கியிருந்த தோல் அலர்ஜியும் தலைதூக்கலாம். வலிக்கு என்ன கொடுப்பது என்று முன்கூட்டியே டாக்டரிடம் பேசி வையுங்கள்.

உஷார் 4: மாத்திரை அளவு மீறினால்...

கார்ட்டிசாலோடு, உப்புச் சமநிலையைக் காக்கும் அட்ரினல் ஹார்மோனும் தேவைக்குக் கீழே இறங்கிவிட்டால் உடலில் சோடியம் குறைந்து பொட்டாசியம் ஏறும். இதயம் தடுமாறும். நாய் சுருண்டு விழும். சில நாய்களில் அட்ரினல் சுரப்பியே நிரந்தரமாக அழிந்திருக்கிறது.

கீழே உள்ளவற்றில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காதீர்கள். உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்:

- சாப்பாட்டைத் தொடாமல் இருப்பது
- வாந்தி, பேதி
- எழ முடியாத சோர்வு, தள்ளாட்டம்
- உடல் நடுக்கம், மயக்கம்

நன்றாக இருக்கும் நாளிலும் மாத்திரையை உணவோடுதான் கொடுக்க வேண்டும். சாப்பிடாத நாளில் மாத்திரை வேண்டாம்.

சிறுநீரகமோ கல்லீரலோ பழுதுபட்ட நாய்க்கு டிரைலோஸ்டேன் ஏற்றதல்ல. இதய நோய்க்கு எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரைகள் போய்க்கொண்டிருந்தால், பொட்டாசியம் ஏறும் ஆபத்து இருப்பதால் கட்டாயம் சொல்லிவிடுங்கள். கேப்சூலைப் பிரித்துப் பொடியைப் பங்கு போடாதீர்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இந்த மருந்தை அவர் தொடவே வேண்டாம்.

மருந்து தொடங்கிய 10 முதல் 14 நாளில், பிறகு ஒரு மாதத்தில், மூன்றாவது மாதத்தில், அதன் பின்னும் சீரான இடைவெளியில் ரத்தப் பரிசோதனை தேவை. அளவை மாற்றினால் மீண்டும் முதலிலிருந்து. இதற்கான செலவையும் அலைச்சலையும் தொடங்கும் முன்பே கணக்குப் போடுங்கள். மாத்திரைக்கு மட்டும் பணம் இருந்து பரிசோதனைக்கு இல்லை என்றால், அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கண்காணிப்பு இல்லாமல் மாத்திரை கொடுப்பதைவிடக் கொடுக்காமல் இருப்பதே அந்த நாய்க்குப் பாதுகாப்பு.

டாக்டரிடம் கேளுங்கள்

இது ஸ்டீராய்டால் வந்ததாக இருக்குமா? பிட்யூட்டரியா, அட்ரினலா? சிறுநீரகமும் கல்லீரலும் எப்படி இருக்கின்றன? குறைந்த அளவில் தொடங்கலாமா? அடுத்த பரிசோதனை எந்தத் தேதி? ராத்திரியில் மோசமானால் யாரைக் கூப்பிடுவது? இந்த ஆறு கேள்விகளுக்கும் பதில் வாங்காமல் முதல் மாத்திரையைக் கொடுக்காதீர்கள். சந்தேகம் தீரவில்லையா? சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் சிகிச்சைப் பிரிவுகள் உள்ளன. இன்னொரு டாக்டரின் கருத்தைக் கேளுங்கள்.

குஷிங் பெரும்பாலும் மெதுவாக முற்றும் நோய். இன்றைக்கே மாத்திரை தொடங்காவிட்டால் நாளைக்கே உயிர் போய்விடும் என்ற நிலை அநேகமாக வராது. யோசிக்க உங்களுக்கு அவகாசம் இருக்கிறது. தனக்கு என்ன செய்கிறது என்று நாயால் சொல்ல முடியாது. அதற்காகக் கேள்வி கேட்க வேண்டியவர் நீங்கள்தான். தயவுசெய்து கேளுங்கள்.