தச்சுக்கூடம் – 11: கவிழ்த்து மாட்டிய ரவுட்டர்

மேற்கு தில்லியின் கீர்த்தி நகரில், மரக்கடைச் சந்துகளுக்குள் நுழைந்தால் பக்கத்தில் நிற்பவரின் பேச்சு காதில் விழாது. ஒரு கடையில் பட்டை ரம்பம் தேக்கை அறுத்துக்கொண்டிருக்கும். அடுத்ததில் ஸ்பிண்டில் மோல்டர் ஓடும். இரும்பு மேசையின் நடுவே ஒரு தண்டு நிமிர்ந்து சுழல, அதில் பூட்டிய கத்தியை ஒட்டிச் சட்டத்தைத் தள்ளுவார்கள். வெறும் சட்டமாக உள்ளே போனது வளைவும் வரம்புமாக மறுபக்கம் வரும். அதற்குக் கனத்த இரும்பு வேண்டும், மூன்று ஃபேஸ் மின்சாரம் வேண்டும், ஒரு கொட்டகையும் வேண்டும். துவாரகாவிலோ மயூர் விஹாரிலோ டிடிஏ ஃபிளாட்டின் பால்கனியில் மரவேலை செய்கிறவருக்கு இந்த மூன்றுமே இல்லை.

அவரிடம் ஒரு கை ரவுட்டர் இருந்தால் போதும். அதைப் பலகையின் அடியில் தலைகீழாக மாட்டி, அதன் சுழலும் கத்தியான பிட் மட்டும் மேலே எட்டிப் பார்க்கும்படி வைத்தால் அதுவே குட்டி ஸ்பிண்டில் மோல்டர்.

எதற்கு இந்த வேலை? புகைப்படச் சட்டம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஒரு அங்குல அகல ரீப்பரில் கண்ணாடி உட்காரக் காடி எடுக்க வேண்டும். ரவுட்டரின் அடித்தட்டோ ஐந்தாறு அங்குலம். அது நிற்க ரீப்பரில் இடமில்லை. எந்தப் பக்கமாவது சாயும், சாய்ந்த கணத்தில் பிட் மரத்தைக் குதறிவிடும். மேசையில் இயந்திரம் அசையாது, மரம்தான் நகரும். ரீப்பர் எவ்வளவு ஒல்லியாக இருந்தாலும் படுத்து நகர முழுப் பலகை கிடைக்கிறது. இழுப்பறையின் அடித்தகட்டுக்குக் காடி, அலமாரிக் கதவின் ஓரத்துக்கு வளைவு என்று எல்லாமே இதே கணக்குதான்.

வெளிநாட்டு மேசைகளின் படங்களைப் பார்த்து மலைக்க வேண்டியதில்லை. அவற்றில் ரவுட்டரை ஏற்றி இறக்கப் பொருத்தும் கருவிகள் சில, ரவுட்டரை விடவே விலை கூடியவை. எதில் காசை மிச்சம் பிடிக்கலாம், எதில் பிடிக்கவே கூடாது என்று தெரிந்திருந்தால் தில்லிச் சந்தைகளிலேயே எல்லாம் முடிந்துவிடும்.

மேல்பலகையில் மிச்சம் பிடிக்கலாம். கடைகளில் கிடைக்கும் மலிவு பிளைவுட்டில் பெரும்பங்கு ஹரியானாவின் யமுனா நகரிலிருந்து வருவது. உள்ளே இருப்பது பாப்ளர் மரம். சென்னையில் விம்கோ நகருக்குப் பெயர் தந்த அதே தீப்பெட்டிக் கம்பெனி, 1980-களில் தீக்குச்சிக்காக வடஇந்திய விவசாயிகளைப் பாப்ளர் வளர்க்கத் தூண்டியது. இன்று அந்த மரம் பெரும்பாலும் பிளைவுட் ஆலைக்குப் போகிறது. பாப்ளர் மென்மையான மரம் என்பதால் 19 மி.மீ. பலகை ஒன்று தனியாக நின்றால் தொய்ய வாய்ப்புண்டு. துண்டாக விற்கும் இரண்டு 19 மி.மீ. பலகைகளை ஃபெவிகால் பூசி ஒட்டி, தட்டையான தரையில் கனம் ஏற்றி ஒரு நாள் விட்டால் 38 மி.மீ. பலகை உறுதியாக நிற்கும். இரண்டடிக்கு ஒன்றரையடி போதும்.

அதன்மேல் சன்மைக்கா. மரம் வழுக்கி நகர வேண்டுமே. மேலே மட்டும் ஒட்டினால் போதாது, அடியிலும் ஒட்ட வேண்டும். மே மாதத்தில் 45 டிகிரி வறண்ட சூடு, ஆகஸ்டில் கசகசவென்று ஈரக்காற்று என்று தில்லி பலகையைப் படுத்தி எடுக்கும். ஒரு பக்கம் மூடி மறுபக்கம் திறந்து கிடக்கும் பலகை ஈரத்தைச் சமமாக வாங்காது, வளைந்துவிடும். மேசை ஒரு மில்லிமீட்டர் வளைந்தாலே காடியின் ஆழம் ஓரிடத்தில் கூடும், இன்னோரிடத்தில் குறையும்.

ரவுட்டரைத் தாங்கும் தட்டில் மட்டும் கஞ்சத்தனம் ஆகாது. பிட்டின் தண்டு குட்டையானது. 38 மி.மீ. பலகையில் நேரடியாக மாட்டினால் பிட் வெளியே எட்டாது. அதனால் நடுவில் சதுரமாக வெட்டி, அங்கே ஒரு மெல்லிய தட்டைப் பதிக்கிறோம். அக்ரிலிக் அழகாக இருக்கும். ஆனால் மூன்றரை கிலோ எடையும் மோட்டார் சூடும் சேர்ந்து அதை நாளடைவில் தொய்யவைக்கும், துளையின் ஓரத்தில் விரிசலும் விடும். மின் பேனல் செய்பவர்கள் பயன்படுத்தும் ஹைலம் ஷீட் இதற்குச் சிறந்தது. 6 மி.மீ. கனத்திலேயே விறைப்பாக நிற்கும், சூட்டுக்கு இளகாது. ரவுட்டரின் பிளாஸ்டிக் அடித்தட்டைக் கழற்றி அதையே அச்சாக வைத்துத் துளை குறித்துக்கொள்ளலாம். தட்டு உட்காரும் விளிம்பில் நான்கு மூலைக்கும் ஒவ்வொரு சின்ன ஸ்க்ரூ போட்டால், அவற்றைத் திருகித் தட்டை மேசையோடு ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரலாம்.

உயரத்தை ஏற்றி இறக்க என்ன வழி? காஷ்மீரி கேட்டின் வாகன உதிரிபாகச் சந்தையில் பழைய காரின் கத்தரி ஜாக்கி கிடைக்கும். அதை ரவுட்டரின் அடியில் ஒரு பலகையில் நிறுத்தினால், கைப்பிடியைச் சுற்றச் சுற்றப் பிட் மெதுவாக மேலே வரும். பல நாட்டு மரவேலைக்காரர்களும் கையாளும் உத்தி இது. வேண்டிய உயரம் வந்ததும் ரவுட்டரின் சொந்தப் பூட்டையும் இறுக்கிவிட வேண்டும். ஜாக்கி தூக்க மட்டும்தான், பிடித்து நிறுத்த அல்ல.

மரம் ஒட்டி நகரும் தடுப்புச் சட்டத்தை ஃபென்ஸ் என்பார்கள். செலவில்லாமல் துல்லியம் கிடைக்கும் இடம் இது. ரம்ப மேசையில் ஃபென்ஸ் ரம்பத்துக்கு இணையாக இருந்தே தீர வேண்டும். ரவுட்டர் பிட் உருளையானது, அதற்கு எந்தத் திசையும் ஒன்றுதான். பிட்டிலிருந்து தூரம் சரியாக இருந்தால் போதும். எனவே தடவிப் பார்த்து நேர் என்று தெரிந்த ஒரு சட்டத்தின் ஒரு முனையில் ஒற்றை போல்ட் போட்டு, மறுமுனையைக் கிளாம்ப் போட்டு இறுக்கலாம். பிட் இரண்டுக்கும் நட்டநடுவில் இருந்தால், கிளாம்ப் முனையை 1 மி.மீ. நகர்த்தும்போது பிட்டின் அருகே அரை மி.மீ.தான் நகரும். நுண்ணளவுத் திருகுகளுக்குப் பணம் கொடுத்து வாங்கும் வசதி, இங்கே ஒரு போல்ட் விலையில் கிடைக்கிறது.

அடுத்தது ஸ்விட்ச். இதை விட்டுவிட்டு மேசையை ஓட்டக் கூடாது. மேசையில் ரவுட்டரின் சொந்த ஸ்விட்ச் அடியில் மறைந்து, எப்போதும் ஆன் நிலையில் பூட்டிக் கிடக்கும். நடுவில் கரன்ட் போகிறது. வேலை செய்பவர் பிட்டை மாற்றக் குனிகிறார். அந்த நேரம் கரன்ட் திரும்பினால் கைக்கு அருகே கத்தி சுழலத் தொடங்கும். தமிழ்நாட்டில் பம்ப்செட் வைத்திருக்கும் எவருக்கும் பச்சை, சிவப்புப் பொத்தான் ஸ்டார்ட்டர் தெரியும். கரன்ட் போனால் அது விழுந்துவிடும், மறுபடி பச்சையை அழுத்தினால்தான் எழும். சாந்தினி சௌக்கின் பாகீரத் பேலஸ் மின்பொருள் சந்தையில் சிங்கிள் ஃபேஸ் ஸ்டார்ட்டர் வாங்கி, முழங்கால் எட்டும் உயரத்தில் பொருத்தினால் இரண்டு கையிலும் மரம் இருக்கும்போதும் நிறுத்தலாம். பிட் மாற்றும்போது பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும்.

வேகத்திலும் கவனம் வேண்டும். 12 மி.மீ. பிட் நிமிடத்துக்கு 28,000 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு மணிக்கு 63 கி.மீ. வேகத்தில் ஓடும். 50 மி.மீ. பிட்டோ 24,000 சுற்றிலேயே மணிக்கு 226 கி.மீ.யைத் தொட்டுவிடும். பெரிய பிட்டுக்குச் சுற்றைக் குறைத்தே ஆக வேண்டும். பாஷ் ஜிஓஎஃப் 130 போன்ற 1300 வாட் ரவுட்டரில் 11,000 வரை இறக்கலாம். மகிட்டா 3709 போன்ற 530 வாட் டிரிம்மருக்கு, அதாவது சின்ன ரவுட்டருக்கு, 30,000 என்ற ஒரே வேகம்தான். அதை மேசையில் மாட்டலாம், சின்ன பிட்டுகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

தலைகீழாக மாட்டியதும் பிட், மேலிருந்து பார்த்தால், கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும். ஆகவே மரத்தை வலமிருந்து இடமாகத் தள்ள வேண்டும். அப்போதுதான் பிட் மரத்தை எதிர்த்து வெட்டும். மாற்றித் தள்ளினால் மரத்தைக் கையிலிருந்து பிடுங்கி எறியும். ஃபென்ஸுக்கும் பிட்டுக்கும் நடுவே மரத்தை விடுவதும் அதே ஆபத்துதான். ஆழமான காடியை இரண்டு மூன்று முறையாக எடுப்பது நல்லது, கடைசி முறை முடியளவே வெட்டினால் பரப்பு இழைப்புளி போட்டதுபோல் வரும்.

தூசியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மரத்தூசி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் வகைப்படுத்தியது. எம்டிஎஃப் பலகையின் தூளில் ஃபார்மால்டிஹைடு சேர்ந்த பசையும் உண்டு. நவம்பரில் ஏற்கெனவே மூச்சு முட்டும் நகரத்தில் இதையும் சேர்த்து இழுக்க வேண்டியதில்லை. ஃபென்ஸின் பின்னால் பிளைவுட் துண்டுகளால் ஒரு பெட்டி அடித்து வாக்யூம் கிளீனர் குழாயைச் செருகலாம். பலகையின் நடுவில் காடி எடுக்கும்போது தூள் கீழேதான் கொட்டும் என்பதால் ரவுட்டரைச் சுற்றி இன்னொரு பெட்டியும் வேண்டும். மோட்டார் குளிர அதில் காற்றுவழி விட வேண்டும். இரண்டும் இருந்தாலும் முகமூடியைக் கழற்றக் கூடாது.