மதியம் ஏன் கண் சொக்குகிறது?

‘உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு’ என்று சாப்பாட்டின் மீது பழி போடுகிறோம். சோறும் காரணம்தான், ஆனால் பாதிதான். பட்டினி கிடந்தாலும் மதியம் ஒரு மணியிலிருந்து மூன்று மணிக்குள் பலருக்குக் கண் சொக்கும். உடலின் உள்கடிகாரம் அந்த நேரத்தில் விழிப்பைச் சற்றுத் தளர்த்துகிறது.

இன்னொரு காரணம் அடினோசின். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் சேர்ந்துகொண்டே போகும் வேதிப்பொருள் இது. சேரச் சேரத் தூக்கம் அழுத்தும். காபியில் உள்ள காஃபீன், அடினோசின் உட்கார வேண்டிய இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான். சேர்ந்தது சேர்ந்தபடியே இருக்கும். காபியின் வேகம் இறங்கியதும் அசதி திரும்புவது அதனால்தான். அடினோசினைக் குறைக்கத் தூங்கத்தான் வேண்டும்.

எவ்வளவு நேரம்? நாசா, நெடுந்தூர விமானிகளுக்குப் பயணத்தின் நடுவே 40 நிமிட ஓய்வு கொடுத்துப் பார்த்தது. (மற்றவர்கள் விமானத்தைக் கவனிக்க, முறை வைத்துத்தான், பயப்பட வேண்டாம்.) சராசரியாக 26 நிமிடம் தூங்கினார்கள். தரையிறங்கும் நேரத்தில், ஓய்வில்லாத விமானிகளைவிட இவர்களே விழிப்பாக இருந்தார்கள். ஒரு மணி நேரம் என்று நீட்டினால் ஆழ்ந்த தூக்கத்துக்குள் போய்விடுவோம்; நடுவில் எழுப்பினால் தலை கனக்கும், எரிச்சல் வரும், எதிரில் இருப்பவர் பாடு திண்டாட்டம்.

20 நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். மூன்று மணிக்கு மேல் வேண்டாம். இரவுத் தூக்கம் கெடும்.