தனி ஒருங்கலும் நிபந்தனை ஒருங்கலும்

ஒரு முடிவிலித் தொடரின் உறுப்புகளில் உள்ள குறிகளை நீக்கி, தனிமதிப்புகளை மட்டும் கூட்டினாலும் அது ஒருங்குமானால் அத்தொடர் தனி ஒருங்கல் உடையது. மூலத் தொடர் ஒருங்க, தனிமதிப்புத் தொடர் விரியுமானால் அது நிபந்தனை ஒருங்கல் எனப்படும்.

சங்கமகிராமத்து மாதவர் (சுமார் 1340–1425) பெயரால் வழங்கும் தொடர் இரண்டாம் வகை:

பை/4 = 1 − 1/3 + 1/5 − 1/7 + …

குறிகள் மாறி மாறி வருகின்றன; உறுப்புகள் அளவில் குறைந்துகொண்டே பூச்சியத்தை நெருங்குகின்றன. எனவே லைப்னிட்சு சோதனைப்படி தொடர் ஒருங்குகிறது. குறிகளை நீக்கினால் கிடைப்பது 1 + 1/3 + 1/5 + …. இதன் ஒவ்வோர் உறுப்பும் 1/2 + 1/4 + 1/6 + … என்னும் தொடரின் ஒத்த உறுப்பைவிடப் பெரியது. பின்னது இசைத் தொடரில் பாதி, அது விரியும். ஆகவே முன்னதும் விரியும். (மாணவர்கள் முதலில் நாடும் விகிதச் சோதனை இங்கு எல்லை 1 என்று தந்து கைவிரித்துவிடும்.)

இத்தகைய தொடரில் உறுப்புகளின் வரிசையை மாற்றலாகாது. இரண்டு நேர் உறுப்புகளுக்கு ஓர் எதிர் உறுப்பு என்று,

1 + 1/5 − 1/3 + 1/9 + 1/13 − 1/7 + …

என அடுக்கினால், ஓர் உறுப்பும் விடுபடாமலே கூட்டுத்தொகை 0.7854 இலிருந்து 0.9587 ஆகிவிடுகிறது! நிபந்தனை ஒருங்கல் உடைய மெய்த்தொடரை வரிசை மாற்றி எந்த மெய்யெண்ணையும் பெறலாம் என்பது ரீமானின் தேற்றம்.

மாதவர் தொடர் மிக மெதுவானதும்கூட. 50 உறுப்புகளைக் கூட்டினாலும் பையின் மதிப்பு 3.1216 தான். கேரளக் கணிதப் பள்ளியினர் மீதத்துக்குத் திருத்தப் பின்னங்களைச் சேர்த்தனர். அவ்வழியில் கிடைத்த ஒரு தொடர்:

பை = 3 + 4/(2×3×4) − 4/(4×5×6) + 4/(6×7×8) − …

இதன் பின்னங்கள் 1/1², 1/2², 1/3² … ஆகியவற்றைவிட முறையே சிறியவை. ஒப்பீட்டுச் சோதனைப்படி இது தனி ஒருங்கல் உடையது. எவ்வரிசையில் கூட்டினாலும் பைதான். நான்கே பின்னங்களில் 3.1397 கிடைக்கிறது.