கம்பார் குன்றும் பாட்டியின் அடையாளக் கார்டும்

பள்ளி விடுமுறை வந்தால் எங்கே போகலாம் என்ற பேச்சு எல்லார் வீட்டிலும் எழும். கேமரன் மலை, பினாங்கு, லங்காவி என்று பட்டியல் நீளும். இந்த முறை நாங்கள் போனது கம்பார்.

சுங்காயில் இருக்கும் சின்னப் பாட்டி வீட்டிலிருந்து காலை ஏழரைக்குக் கிளம்பினோம். நான், கணவர், ஒன்பது வயது மகன். "நானும் வரேம்மா" என்று பாட்டியும் ஏறிக்கொண்டார். அவருக்கு எண்பத்தேழு வயது. நெடுஞ்சாலையை விட்டுப் பழைய சாலையிலேயே போனோம். பீடோரில் கொய்யா வாங்கி, தாப்பாவில் பசியாறிவிட்டுப் புறப்பட்டால், கம்பாரின் பெரிய மலை வலப்பக்கம் எழுந்து நிற்கிறது.

கம்பார் 2009இல்தான் பேராவின் பத்தாவது மாவட்டமானது. ஈயத்தால் வளர்ந்த ஊர். இங்குள்ள ஈயச் சுரங்க அருங்காட்சியகத்தைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டலாம். கோப்பெங் பக்கம் போனால் தெம்புருங் குகை இருக்கிறது. எங்களை இழுத்தது 'கிரீன் ரிட்ஜ்' என்ற சிறு குன்று.

1941 டிசம்பர் 8இல் கோத்தாபாருவில் இறங்கிய ஜப்பானியப் படை, மூன்றே வாரத்தில் கம்பாரை நெருங்கியது. ஒரு பக்கம் மலை; மறுபக்கம் மரமே இல்லாத ஈயச் சுரங்க வெளி. வருகிறவனைத் தூரத்திலேயே பார்த்துப் பீரங்கியால் சுடலாம். அதனால்தான் பிரிட்டிஷ், இந்தியப் படைகள் இங்கே நின்றன. டிசம்பர் 30 முதல் ஜனவரி 2 வரை நான்கு நாள் தாக்குப்பிடித்தன. கடைசி நாள், எதிரி பிடித்த பதுங்குகுழிகளை மீட்கப் பஞ்சாப் ரெஜிமெண்டின் இந்திய வீரர்கள் துப்பாக்கி முனைக் கத்தியோடு பாய்ந்தார்கள். முன்னால் ஓடிய கேப்டன் ஜான் கிரஹாம் படுகாயமடைந்து உயிர்விட்டார். ஆனால் ஜப்பானியர் கடல்வழியாகத் தெலுக் அன்சன் பக்கம் இறங்கியதால், முதுகுப்புறம் அடைபடும் என்று படைகள் பின்வாங்கின. ஜனவரி 7 விடியலுக்கு முன், பாட்டி ஊருக்குத் தெற்கே துரோலாக்கிலிருந்து சிலிம் ரிவர் வரை டாங்கிகள் புகுந்து ஓடின. ஜனவரி 11இல் கோலாலம்பூர் விழுந்தது.

இந்தக் கதை இன்று நமக்குக் கிடைக்கிறதென்றால், அதற்குக் கம்பார் ஆசிரியர் சை கூய் லூங் முக்கியக் காரணம். பல ஆண்டுகள் விவரம் சேகரித்து நூல் எழுதினார். இந்தக் குன்றைக் காப்பாற்றவும் குரல் கொடுத்தார்.

பாட்டி மேலே ஏறவில்லை. கீழே நிழலில் உட்கார்ந்திருந்தார். பதுங்குகுழி பார்த்துவிட்டு ஓடிவந்த மகன் கேட்டான்: "பாட்டி, உங்க அப்பாவும் சண்டை போட்டாரா?"

"இல்லடா கண்ணு. எங்கப்பா பால் மரம் வெட்டுனவரு. ஜப்பான்காரன் சயாமுக்குக் கொண்டு போயிட்டான்."

போரில் ரப்பர் ஏற்றுமதி நின்றது. தோட்டத்தில் வேலை இல்லை, அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்குதான் சோறு. 'மூன்று மாத வேலை, நல்ல சம்பளம்' என்று ஆசை காட்டியும், பிடித்துக்கொண்டும் போனார்கள். சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் ரயில் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. காலராவிலும் பட்டினியிலும் மாண்ட ஆசியத் தொழிலாளர்கள் சுமார் 90,000 பேர் என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களில் நம் தோட்டத்துத் தமிழர்கள் ஏராளம். காஞ்சனபுரி போர்க் கல்லறையில் போர்க் கைதிகள் ஏறத்தாழ 7,000 பேருக்கு வரிசை வரிசையாகக் கல் இருக்கிறது. தைப்பிங் போர்க் கல்லறையில் பெயர் தெரியாத வீரர்களுக்கும் கல் உண்டு. பாட்டியின் அப்பா எங்கே கிடக்கிறார் என்று யாருக்கும் தெரியாது.

"அப்போ எனக்கு அஞ்சு வயசு. செத்துட்டாருன்னு சொல்ல ஆள் வரல. அம்மா பொட்ட அழிக்கவே இல்ல. திதி கொடுக்க நாளும் தெரியாது. ஆடி அமாவாசைக்குத்தான் படைப்போம்."

"பேரு என்ன பாட்டி?" என்றான் மகன். பாட்டி கைப்பையைத் திறந்து அடையாளக் கார்டை எடுத்துக் கொடுத்தார். அவர் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர். மகன் எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தான். கிளினிக்கில் பாட்டியை அழைத்துப் போகும்போதெல்லாம் அந்தப் பெயரைக் கூப்பிடக் கேட்டிருக்கிறேன். யாரென்று ஒருமுறையும் கேட்டதில்லை. முகம் தெரியாத நேயர்களிடம் தினமும் நலம் விசாரிக்கிறவள் நான்.

சுங்காய் திரும்பும் வழியில் கைப்பேசியில் பதிவு செய்தேன். நாற்பது நிமிடம். எந்தத் தோட்டம், எந்த லயம், கூடப் போனவர்கள் யார், திரும்பியவர் யார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சில இடங்களில் நிறுத்தினார், நானும் காத்திருந்தேன்.

குடும்பத்தோடு கம்பார் போய் வாருங்கள். வெயில் ஏறுமுன் போங்கள். நல்ல காலணி, கொசு மருந்து, தண்ணீர் வேண்டும். வண்டியில் ஓர் இருக்கையை வீட்டுப் பெரியவருக்கு ஒதுக்குங்கள். ஜப்பான்காரன் காலத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் சிலர்தான் இருக்கிறார்கள். பாட்டன் பெயர், தோட்டத்தின் பெயர், போன ஆண்டு, இந்த மூன்றையாவது கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

வரும் ஆடி அமாவாசைக்கு நாங்களும் சுங்காய் போகிறோம். படையலின்போது அந்தப் பெயரைத் தானே சொல்லப்போவதாக மகன் கேட்டு வைத்திருக்கிறான்.