பணம் தந்தவர் பெயர் எங்கே?

திருச்சி மன்னார்புரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஜமால் முகமது கல்லூரி, பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் காஜாமலை வளாகம். இத்தகைய இடங்களில் பிஎச்.டி. செய்யும் பிள்ளைகள் ஆய்விதழுக்குப் பேப்பர் அனுப்பும்போது கடைசியாக, அவசரத்தில் எழுதும் பத்தி நன்றியுரை. நெறியாளரும் துறைத்தலைவரும் தவறாமல் இடம்பெறுவார்கள். நிதி தந்த அமைப்பின் பெயரும் திட்ட எண்ணும் விடுபட்டுப் போகும். அது நிபந்தனை மீறல். மக்களின் வரிப்பணத்துக்குக் கணக்கு காட்டுவது அந்த ஒரு வரிதான்.

பணம் தந்தவருக்குக் கணக்கு காட்டுவது புதிதல்ல. 1913-ல் கணித மேதை ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் உதவித்தொகை தந்த சென்னைப் பல்கலைக்கழகம், மூன்று மாதத்துக்கொரு முறை அறிக்கை கேட்டது. மேதையும் எழுதிக் கொடுத்தார்.

மறைப்பதால் வரும் கேடு பெரிது. 1967-ல் இதயநோய்க்குக் கொழுப்பையே முதன்மைக் குற்றவாளியாக்கி ஹார்வர்டு ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரைக்கு அமெரிக்கச் சர்க்கரை ஆலைகளின் அமைப்பு பணம் தந்திருந்தது. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. வெளியே தெரிய 2016 ஆனது. கம்பெனிப் பணம் வாங்கினால், ஆய்வில் அந்தக் கம்பெனிக்கு என்ன பங்கு என்பதையும் எழுதியே ஆக வேண்டும்.

அமைப்பின் பெயரையும் எண்ணையும் அனுமதிக் கடிதத்தில் உள்ளபடியே எழுதுங்கள். மத்திய அரசின் ஆய்வு நிதி அமைப்பான எஸ்இஆர்பி, 2024-ல் ஏஎன்ஆர்எஃப் என்ற புதிய அமைப்புக்குள் போய்விட்டது; பழைய திட்டமென்றால் பழைய எண்ணே செல்லும். உங்கள் ஃபெலோஷிப் எண் தனி, நெறியாளரின் திட்ட எண் தனி. இரண்டும் வர வேண்டும். கணக்குக் காட்டுவதற்காகச் சம்பந்தமில்லாத பேப்பரில் திட்ட எண்ணைச் செருகுவது பொய்க்கணக்கு, அதற்கு உடன்படாதீர்கள்.

விட்டுப்போனதை மெய்ப்புத் திருத்தும்போதே கண்டுபிடித்தால் ஒரு மின்னஞ்சலில் முடிந்துவிடும். அச்சான பிறகு, தொடர்பு ஆசிரியர் வழியாக இதழுக்கு எழுதித் திருத்தக் குறிப்பு கேட்கலாம். இளநிலை ஃபெலோஷிப்பிலிருந்து (ஜேஆர்எஃப்) முதுநிலைக்கு (எஸ்ஆர்எஃப்) உயரும்போது இந்தப் பேப்பரைத்தான் காட்டப் போகிறீர்கள், ஆகவே கூச்சம் வேண்டாம். நெறியாளர் மறுத்தால் ஆய்வு ஆலோசனைக் குழுவுக்கு எழுத்தில் கொடுத்து நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வாளர் அல்லாதவருக்கும் கேட்கும் உரிமை உண்டு. மத்திய அரசின் நிதி அமைப்பு எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு தந்தது என்று தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம். 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யலாம். அதற்குக் கட்டணம் இல்லை.